49-0: ரொக்கி மார்சியானோவும் ஒரு பூச்சியமும்

இலக்கியத் தொடரொன்றிலே குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அமெரிக்க உரைநடையின் நல்ல பக்கங்கள் சில குத்துச்சண்டைக் கோதாவின் ஓரத்தில் அமர்ந்திருந்தவர்களாலேயே எழுதப்பட்டன. 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் எழுதிவந்த ஏ. ஜே. லீப்ளிங் 1956இல் வெளியிட்ட 'த ஸ்வீற் சயன்ஸ்' என்ற நூல் அத்தகையது. அந்நூலிலே அடிக்கடி வந்துபோகும் ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் ரொக்கி மார்சியானோ.

1952 முதல் 1956 வரை ஹெவி வெயிட் எனப்படும் அதிபாரப் பிரிவின் உலக சம்பியனாக விளங்கியவர் அவர். தொழில்முறைச் சண்டைகள் 49. வெற்றிகள் 49. அவற்றுள் 43 நொக் அவுட். தோல்வி இல்லை, சமநிலை முடிவுகூட இல்லை. தோல்வி காணாமலே ஓய்வுபெற்ற அதிபாரச் சம்பியன் வரலாற்றில் இவர் ஒருவரே. 1928இல் சம்பியனாகவே ஓய்வுபெற்ற ஜீன் ரனிக்குக்கூட, அதற்கு முன் 1922இல் ஹரி கிரெப்பிடம் கண்ட தோல்வியொன்று உண்டு.

இந்த 49-0 என்ற எண்ணைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்கு நடக்கிறது. ஒரு சாரார் அதனைக் கோயில் விக்கிரகம்போல் வைத்துப் பூசிக்கின்றனர். மறுசாராரோ, வயோதிபர்களை அடித்துச் சேர்த்த கணக்கு அது என்று தள்ளிவிடுகின்றனர். இரு கட்சியாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது என் கருத்து. இருவரும் எண்ணையே பார்க்கின்றனர்; சண்டைகளைப் பார்ப்பதில்லை.

முதலில் மனிதரைப் பார்ப்போம். மசாசுசெற்ஸ் மாநிலத்திலுள்ள புரொக்டன் சப்பாத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். இத்தாலியிலிருந்து குடியேறிய பியரினோ மார்கெஜானோ அங்கே ஒரு தொழிற்சாலையிலே வேலைசெய்தவர். முதலாம் உலகப் போரில் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவர். அவருடைய மூத்த மகன் றொக்கோ 1923 செப்டெம்பர் முதலாந் திகதி பிறந்தார். தந்தையின் தொழிற்சாலைக்குள் போகாதிருக்க வேண்டும் என்பதே அந்தப் பையனின் முதல் இலட்சியம். பேஸ்போல் விளையாட்டில் ஆசை. 1947இல் வட கரோலைனாவிலுள்ள ஃபயற்வில் நகரில் நடந்த தேர்வுக்குச் சென்றார். பந்தை எறியும் கையில் வலுவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கையைத்தான் பின்னர் உலகமே அறிந்துகொண்டது.

குத்துச்சண்டைக்கும் அவர் வாகான உடலமைப்பு உடையவரல்லர். உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை 185 இறாத்தல் அளவில். கைநீளம் 68 அங்குலம். ஜோ லூயிஸுக்கு 76. எதிரியின் முகத்தைத் தொடுவதற்கே அவர் எதிரியின் அடிகளுக்குள் நுழைந்தாக வேண்டும். சாளி கோல்ட்மன் என்ற முதிய பயிற்றுநர் இந்தக் குறையை மாற்ற முனையவில்லை. குள்ளமான மனிதரை இன்னும் குனியவைத்தார். நெருங்கிச் சென்று, தாழ்விலிருந்து மேல்நோக்கி, குறுகிய தூரத்தில் வலது கையை வீசும் முறையை ஊட்டினார். கால்கள் அகன்று போகாதிருக்க அவற்றைக் கயிற்றால் பிணைத்துப் பயிற்சி கொடுத்தார் என்பர். அந்த வலது கைக்குச் 'சூசி கியூ' என்று செல்லப் பெயரும் வைத்தனர்.

இனி வழக்குக்கு வருவோம்.

மார்சியானோவின் முதல் 16 சண்டைகளும் நொக் அவுட்டிலே முடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ரோட் ஐலண்ட் மாநிலத்து புரொவிடன்ஸ் நகரிலே, ஊர்க்காரர் கைதட்ட, பெயரறியாத எதிரிகளோடு நடந்தவை. இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தச் சம்பியனும் இப்படித்தான் வளர்க்கப்படுகிறான். ஆனால் 49 என்ற எண்ணை உச்சரிக்கும்போது அந்தப் பெயரறியாதவர்களும் லூயிஸும் ஒரே எடையில் எண்ணப்படுகின்றனர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் வளர்த்தார்கள் என்பதும் முக்கியமானது. முகாமையாளர் அல் வைல். 1949இல் தோன்றிய 'இன்டர்நஷனல் பொக்சிங் கிளப்' என்ற நிறுவனம் அமெரிக்கப் பெருஞ்சண்டைகளைத் தன் கைக்குள் வைத்திருந்தது. அந்த நிறுவனத்தில் யாரோடு யாரை மோதவிடுவது என்று தீர்மானிக்கும் பதவியில் அமர்ந்தவரும் இதே வைல்தான். ஒருவர் இரு பதவியும் வகிக்கலாகாது என்பது விதி. ஆகவே மார்சியானோவின் முகாமையாளராகக் கடதாசியிலே வைலின் பெறாமகன் மார்ட்டியின் பெயர் எழுதப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் தரகரும் ஒருவரேயான கலியாணம்! அந்த நிறுவனம் கலைக்கப்பட வேண்டிய ஏகபோகம் என்ற தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1959இல் உறுதிசெய்தது. அதன் நிழலில் இயங்கிய பாதாள உலகப் புள்ளி ஃபிராங்கி கார்போ 1961இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். மார்சியானோவின் சண்டை எதுவும் முன்கூட்டிப் பேசி முடிக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வலது கை எவரோடும் ஒப்பந்தம் பேசும் கையன்று. ஆனால் யார் எப்போது எதிரே வந்து நிற்பார் என்பதைத் தீர்மானித்தவர், அவர் வென்றால் இலாபமடையும் ஆளாகவே இருந்தார்.

அப்படியிருந்தும் பூச்சியம் ஒரு நூலிலேதான் தொங்கியது. 1949இலும் 1950இலும் டெட் லோரி என்பவர் இரு தடவை அவரோடு பத்துச் சுற்றும் நின்று பிடித்தார். லோரி கறுப்பினத்தவர், இரண்டாம் உலகப் போரில் கறுப்பினத்தவருக்கெனத் தனியாக அமைந்த பரசூட் படைப்பிரிவிலே கடமையாற்றியவர். தோல்விகள் நிறைந்த கணக்குடையவர். முதற் சண்டையின் ஆரம்பச் சுற்றுகளிலே மார்சியானோவை அவர் ஆட்டங்காணச் செய்தார். அதைவிடக் கூர்மையான உதாரணம் 1950 மார்ச் 24ஆந் திகதி மடிசன் ஸ்குவெயார் கார்டனில் ரோலண்ட் லாஸ்டார்சாவுடன் நடந்த சண்டை. அன்று இருவருமே தோல்வி காணாதவர்கள். பத்துச் சுற்று முடிவில் ஒரு நடுவர் மார்சியானோவுக்கும், மற்ற நடுவர் லாஸ்டார்சாவுக்கும் கொடுத்தனர். மத்தியஸ்தரின் பட்டியலிலே சுற்றுகள் சமமாக இருந்தன. நியூயோர்க் விதிகளில் அத்தகைய நிலைக்கென இருந்த மேலதிகப் புள்ளிமுறைதான் மார்சியானோவைத் தூக்கிவிட்டது. வேறொரு மாநிலத்தில் அதே சண்டை நடந்திருந்தால் 'தோல்வி காணாதவர்' என்ற சொற்றொடர் அன்றிரவே தேய்ந்துபோயிருக்கக்கூடும். மார்சியானோவின் பெருமையில் அதனால் எவ்வளவு குறைந்திருக்கும்? இம்மியளவும் இல்லை என்பேன். வோல்கொட்டையும் சார்ள்ஸையும் மூரையும் அவர் பின்னர் வென்றது வென்றதுதானே.

பூச்சியத்தின் பலவீனம் இங்கே புலப்படுகிறது. மனிதர் மாறாமலே எண் மாறிவிட முடியும்.

இனி வயோதிபர் வாதம். 1951 ஒக்டோபர் 26ஆந் திகதி ஜோ லூயிஸைச் சந்தித்தபோது மார்சியானோவுக்கு 28 வயது, லூயிஸுக்கு 37. 1937 தொடக்கம் 1949 வரை பட்டத்தை வைத்திருந்து 25 தடவை காத்தவர் லூயிஸ். ஓய்வுபெற்றவரைத் திருப்பி இழுத்து வந்தது வருமான வரிக் கடன். போர்க் காலத்திலே தன் சண்டை வருமானத்தைப் படையினர் நிவாரண நிதிகளுக்குத் தந்த மனிதர், அதே அரசாங்கத்தின் வரிக்காகத் தலைமுடி உதிரத் தொடங்கிய வயதிலே கோதாவுக்குள் இறங்கினார். மார்சியானோவை விட 25 இறாத்தல் பாரம் கூடியவர். ஆனால் அவருடைய புகழ்பெற்ற வலது கை அன்று ஏறக்குறைய உறங்கியே கிடந்தது. எட்டாம் சுற்றில் இடது கொக்கியடி ஒன்று அவரை வீழ்த்தியது. எழுந்தார். மறுபடி விழுந்த அடி அவரைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளியது. கால்கள் உள்ளே, தலை வெளியே. மத்தியஸ்தர் எண்ணத் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார். மார்சியானோ பின்னர் லூயிஸின் அறைக்குச் சென்று கண்கலங்கினார் என்று சொல்லப்படுகிறது. சிறுவயதிலிருந்து அவர் போற்றிய வீரர் லூயிஸ்.

இந்த வெற்றியைப் பெருஞ்சாதனையாகக் காட்டுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. அதுவோர் ஈமச்சடங்கு, யாரோ ஒருவர் செய்துதான் ஆக வேண்டியிருந்தது. ஆனால் எதிர்க்கட்சியினர் லூயிஸிலிருந்து நேரே ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கும் ஆர்ச்சி மூருக்கும் பாய்ந்து, 'இவர்களும் கிழவர்கள்' என்று ஒரே கோட்டில் நிறுத்தும்போது சொல்ல நிறைய உண்டு.

ஆர்னோல்ட் கிறீம் என்ற இயற்பெயருடைய வோல்கொட், ஆறு பிள்ளைகளின் தந்தை. வறுமையால் பலமுறை கோதாவைக் கைவிட்டுக் கூலிவேலைக்குப் போனவர். நான்கு தடவை பட்டத்துக்குச் சண்டையிட்டுத் தோற்று, ஐந்தாவது தடவை, 1951 ஜூலையில், 37 வயதில் எஸார்ட் சார்ள்ஸை வீழ்த்திச் சம்பியனானவர். 1994இல் ஜோர்ஜ் ஃபோர்மன் 45 வயதில் பட்டத்தை மீட்கும்வரை, அத்தனை வயதில் அதிபாரச் சம்பியனானவர் வேறெவருமில்லை. இளமையில் வயிறார உண்ணாத மனிதர், வயது போனபின்தான் தன் முழுத் திறமையோடு கோதாவில் நின்றார். அவரைப் பொறுத்தவரை 38 என்பது முதுமை அன்று.

1952 செப்டெம்பர் 23. பிலடெல்பியா நகரத்தின் திறந்தவெளி மைதானம். முதலாம் சுற்று முடிவதற்குள் வோல்கொட்டின் இடது கொக்கியடியிலே மார்சியானோ தரையில் கிடந்தார். தொழில்முறை வாழ்விலே அவர் விழுந்தது அதுவே முதல் தடவை. எழுந்தார். பின்னர் சில சுற்றுகளிலே கண்ணில் ஏதோ எரிவுப் பொருள் பட்டுப் பார்வை மங்கியது. தலையிலே வெட்டு, கண்ணருகே வெட்டு. வோல்கொட்டோ நடனக்காரர்போல் பின்னே நடந்து, தோள்களை அசைத்து, போகிறவர்போல் திரும்பி, திரும்பியபடியே அடித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் அது. பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூவரின் பட்டியலிலும் வோல்கொட் முன்னணியில். மீதி மூன்று சுற்றுகள். நொக் அவுட் ஒன்றேதான் வழி என்பது மைதானத்திலிருந்த எல்லோருக்கும் தெரியும். வோல்கொட்டுக்கும் தெரியும்.

பதின்மூன்றாம் சுற்றின் முதல் நிமிடம் முடியவில்லை. வோல்கொட் கயிறோரம் பின்வாங்கி, தாமும் வலது கையை எடுக்க முனைந்த கணத்தில், மார்சியானோவின் வலது கை குறுக்கே வந்தது. சில அங்குலங்களே பயணஞ்செய்த அடி. வோல்கொட்டின் முகமே ஒரு கணம் உருமாறிப் போனதைப் புகைப்படம் காட்டுகிறது. ஒரு கை கயிற்றிலே மாட்டிக்கொள்ள, முழங்கால் மடிந்து, வணங்குபவர்போல் சாய்ந்தார். மத்தியஸ்தர் பத்து எண்ணியதை அவர் கேட்டிருக்க மாட்டார்.

இந்தச் சண்டையை வைத்து மார்சியானோவை எடைபோட வேண்டும். கணக்கு அவரைத் தோற்றவராகத் தீர்த்துவிட்டிருந்தது. பூச்சியம் இறந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்றுவதற்காக அவர் அடிக்கவில்லை. அந்தப் பூச்சியத்தை அன்று யாரும் இவ்வளவு பெரிதாகப் பேசவுமில்லை. பட்டம் வேண்டும், அவ்வளவுதான். 1953 மே மாதம் சிக்காகோவில் நடந்த மறுசண்டை முதலாம் சுற்றிலேயே முடிந்தது. வோல்கொட் எண்ணிக்கை முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அவர் ஏன் எழவில்லை என்ற விவாதம் இன்றும் உண்டு. பட்டியலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பெறுமதியான இரண்டு வெற்றிகள். பிலடெல்பியாவையும் சிக்காகோவையும் ஒரே தராசில் வைக்கும் கணக்கை என்னவென்று சொல்வது!

எஸார்ட் சார்ள்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் 49-0 என்ற எண்ணின் நிழலில் மிக அதிகமாக மறைந்துபோனவர் அவர்தான். சின்சினாற்றியில் வளர்ந்தவர். இருபது வயதில் சார்ளி பேர்லியை இரு தடவை வென்றவர். பேர்லி, பெரிய முகாமையாளர்கள் பலரும் தம் வீரர்களை எதிரே விட அஞ்சிய கறுப்பின வீரர். பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூட அவருக்கு வாழ்நாளில் கிடைக்கவில்லை. சார்ள்ஸ் ஆர்ச்சி மூரை மூன்று தடவை சந்தித்து மூன்றிலும் வென்றார். ஆயினும் தமக்கே உரிய எடைப் பிரிவான லைற் ஹெவி வெயிட்டில் பட்டத்துக்குச் சண்டையிட அவருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை. 1948இல் அவரோடு மோதிய சாம் பரூடி என்ற இளைஞர் இறந்துபோனார். அதன்பின் சார்ள்ஸின் அடிகளிலே பழைய கொடூரம் இல்லாது போனது என்று அவரை அறிந்தோர் கூறுவர். (மார்சியானோவுக்கும் இத்தகைய இரவொன்று உண்டு. 1949 டிசெம்பர் 30இல் அவரிடம் அடிபட்ட கார்மைன் விங்கோ பல நாட்கள் உயிருக்குப் போராடினார். பிழைத்தார், ஆனால் மறுபடி சண்டையிடவில்லை.)

பெரும்பிரிவில் இறங்கிய சார்ள்ஸ் 1950இல் தம் இளமைக்கால வீரரான லூயிஸையே தோற்கடித்தார். அதற்காகப் பொதுமக்கள் அவரை மன்னிக்கவில்லை. 1954 ஜூன் 17ஆந் திகதி யாங்கி மைதானத்தில் மார்சியானோவோடு பதினைந்து சுற்றும் நின்றார். மார்சியானோவோடு பதினைந்து சுற்றும் நின்றவர் வேறொருவருமில்லை. முதல் நான்கைந்து சுற்றுகளில் மேலோங்கியவர் சார்ள்ஸே. முடிவில் இருவர் முகங்களும் அடையாளம் தெரியாதிருந்தன. செப்டெம்பர் 17இல் மறுபடி சந்தித்தனர். ஆறாம் சுற்றிலே மார்சியானோவின் மூக்கின் நுனி பிளந்தது. தையல்காரர் கத்தரிக்கோலால் வெட்டியதுபோன்ற பிளவு. இரத்தம் நிற்கவில்லை. வைத்தியர் எந்நேரமும் சண்டையை நிறுத்தலாம். நிறுத்தினால் பட்டம் சார்ள்ஸுக்கு. எட்டாம் சுற்றில் மார்சியானோ சார்ள்ஸை வீழ்த்தினார்.

பட்டியலைத் திறந்து பாருங்கள். மார்சியானோவுக்கு எதிரே பூச்சியம். சார்ள்ஸுக்கு எதிரே 25 தோல்விகள். அந்த 25இல் ஏறக்குறைய பாதி, இவ்விரு சண்டைகளுக்கும் பிறகு, பணத்துக்காக உடல் ஒத்துழைக்காத நிலையிலும் அவர் தொடர்ந்து ஆடியதால் வந்தவை. நரம்புத் தளர்ச்சி நோய் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியது. 1975இல் இறந்தார். மார்சியானோ 32 வயதில் நிறுத்தினார். சார்ள்ஸால் நிறுத்த முடியவில்லை. தோல்விக் கணக்கு திறமையின் கணக்கு மட்டுமல்ல. யாருக்கு எப்போது வீட்டுக்குப் போக முடிந்தது என்ற கணக்கும் அதனுள்ளே இருக்கிறது.

ஆர்ச்சி மூரின் கதையும் இதுவே. 1935 அளவில் தொழிலைத் தொடங்கியவருக்குப் பட்டச்சண்டை கிடைத்தது 1952 டிசெம்பரில். பதினேழு ஆண்டுகள்! கறுப்பினத்தவர், வல்லவர், அவரை எதிர்ப்பதால் எவருக்கும் இலாபமில்லை. ஆகவே காத்திருக்க வைத்தார்கள். காத்திருந்த காலத்தில் அவர் ஊர் ஊராகச் சென்று, கிடைத்தவரோடெல்லாம் மோதினார். அத்தகைய வாழ்விலே பூச்சியத்தைப் பேணிக்கொள்ள எவராலும் இயலாது.

1955 செப்டெம்பர் 21இல் மூர் மார்சியானோவைச் சந்தித்தபோது 61,000 பேர் பார்த்திருந்தனர். இரண்டாம் சுற்றில் மூரின் வலது கை மார்சியானோவை வீழ்த்தியது. சம்பியன் உடனே எழுந்துவிட்டார். அதன்பின் மூரின் கலையனைத்தும் ஒரு சுவரில் மோதியது. பலமுறை விழுந்து எழுந்தவர் ஒன்பதாம் சுற்றிலே முடிந்தார். லீப்ளிங் இச்சண்டையைப் பற்றி எழுதிய கட்டுரைதான் அவருடைய நூலின் இறுதிப் பகுதி. மெல்வில்லின் 'மொபி டிக்' நாவலில் வரும் கப்பற்றலைவன் ஏகாப்பாக மூரையும், அவன் துரத்திய வெள்ளைத் திமிங்கிலமாக மார்சியானோவையும் அவர் கண்டார். ஒரு பக்கம் அறிவு, சாமர்த்தியம், இருபதாண்டுக் கல்வி. மறுபக்கம் இயற்கையின் கண்மூடிய பலம். கட்டுரையை வாசிப்பவர் எவரும் லீப்ளிங்கின் அனுதாபம் எங்கே இருந்தது என்பதை அறிவர். எனினும் வென்றது திமிங்கிலந்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரு சிறு குறை மட்டும் சொல்வேன்: மார்சியானோவைக் கண்மூடிய பலமாகக் காட்டுவது சாளி கோல்ட்மனின் பல ஆண்டு உழைப்புக்குச் செய்யும் அநீதி. குனிந்து நுழைவதும் ஒரு கல்விதான்.

மூர் கிழவராயிருந்தார் என்போர், அவர் அதன்பின் செய்ததைக் கவனிக்க வேண்டும். 1955 மே மாதத்தில் அவர் கியூபாவின் நினோ வால்டெஸை வென்றிருந்தார். மார்சியானோ சந்திக்காது விட்டவர்களில் பெயர் சொல்லக்கூடியவர் இந்த வால்டெஸ். 1953இல் சார்ள்ஸையே தோற்கடித்தவர். மார்சியானோவிடம் தோற்று மூன்றாண்டுகளின் பின், 1958 டிசெம்பரில், மொன்றியலில் ஈவோன் டுரெல்லிடம் முதற் சுற்றிலேயே மூன்று தடவையும் ஐந்தாம் சுற்றில் மறுபடியும் விழுந்து, பதினோராம் சுற்றில் டுரெல்லை வீழ்த்தித் தம் பட்டத்தைக் காத்தார் மூர். அந்தக் காலத்து இளைஞர்கள் இந்தக் கிழவர்களுக்கு ஈடாகவில்லை என்பதே உண்மை. ஆகவே மார்சியானோ தம் காலத்தின் மிகச் சிறந்தவர்களைச் சந்தித்தார். அவர்கள் பிந்திய வயதில் வந்தது அவர் குற்றமன்று. பிந்த வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

1956 ஏப்ரல் 27இல் ஓய்வை அறிவித்தார். குடும்பம், முதுகு வலி, வருமானத்தில் பாதியை எடுத்துக்கொண்ட முகாமையாளரோடு மனக்கசப்பு. 1959இல் சுவீடன் வீரர் இங்கமார் ஜொஹான்சன் சம்பியனானபோது மீண்டும் வரலாமா என்று ஒரு மாதமளவில் பயிற்சி செய்து பார்த்தார், விட்டுவிட்டார். குத்துச்சண்டையிலே மிக அரிதான அறிவு அது. பூச்சியத்தை உண்மையில் உண்டாக்கியது அந்த முடிவே.

அதன்பின்பே எண் தன் தனி வாழ்க்கையைத் தொடங்கியது. இங்கே வானொலிக்கும் ஒரு பங்குண்டு. 1967இல் மரி வொரோனர் என்ற தயாரிப்பாளர், எல்லாக் காலத்துச் சம்பியன்களையும் கணனிக்குள் இட்டு மோதவிட்டு, அந்த முடிவுகளை நேர்முக வர்ணனைபோல் அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பினார். நடக்காத சண்டைகளுக்கு மக்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தனர். இறுதியில் மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வீழ்த்திச் சம்பியனானார். முகம்மது அலி காலிறுதியிலேயே தோற்கடிக்கப்பட்டார். அப்போது அலி வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டு, கோதாவுக்குள் நுழையவும் தடைசெய்யப்பட்டிருந்தார். தம் பெயருக்கு இழுக்கு வந்ததென்று வழக்குத் தொடுத்தார். சமரசமாக வந்தது ஒரு திரைப்படம். 1969இல் மயாமியில் 45 வயது மார்சியானோ எடையைக் குறைத்து, பொய்முடி தரித்து, 27 வயது அலியோடு கமெராவின் முன் நடித்தார். பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எது காட்டப்படும் என்று இருவருக்கும் தெரியாது. 1969 ஓகஸ்ட் 31இல், 46ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் மார்சியானோ இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் பதின்மூன்றாம் சுற்றிலே அலியை வீழ்த்தினார். பிலடெல்பியாவின் அதே பதின்மூன்று!

தடைசெய்யப்பட்ட கறுப்பின வீரரை, இறந்துபோன வெள்ளையின வீரர் தோற்கடிப்பதை அந்த ஆண்டு அமெரிக்காவிலே யார் யார் என்ன உணர்வோடு பார்த்திருப்பர் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விடுகிறேன். மார்சியானோ இதற்குப் பொறுப்பாளியல்லர். ஆனால் அவருடைய பூச்சியம் அப்போதே வேறு பலருக்குப் பயன்படும் கொடியாகிவிட்டது. இருவரையும் மெய்யான கோதாவில் சந்தித்த ஒரே மனிதர் ஆர்ச்சி மூர். 1962இல், நாற்பதுகளில் நின்ற வயதில், இளம் காசியஸ் கிளேயிடம் நான்காம் சுற்றிலே தோற்றவர். கணனியை விட அவரைக் கேட்டிருக்கலாம்.

1985இல் லரி ஹோம்ஸ் 48-0 என்ற கணக்கோடு வந்தார். 49ஆவது சண்டைக்குத் தெரிவான நாள் செப்டெம்பர் 21. மார்சியானோ மூரை வென்று சரியாக முப்பது ஆண்டுகள். எதிரியும் அன்றுபோலவே லைற் ஹெவி வெயிட் சம்பியன், மைக்கல் ஸ்பின்க்ஸ். ஹோம்ஸ் புள்ளிகளில் தோற்றார். கோபத்தில் மார்சியானோவைப் பற்றி அவர் சொன்ன இழிசொல்லுக்காகப் பின்னர் வருந்தினார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் ஏழு ஆண்டுகள் நல்ல சம்பியனாக இருந்த மனிதரை வெகுகாலம் துரத்தியது. பட்டத்தை அவர் 20 தடவை காத்தார். மார்சியானோ காத்தது 6 தடவை. ஒரு பூச்சியம் போனதும் அந்த 20உம் கூடவே போய்விட்டது.

2017 ஓகஸ்ட் 26இல் இலகு எடை வீரரான புளொய்ட் மேவெதர் 50-0 என்ற எண்ணை எட்டினார். அவருடைய ஐம்பதாவது எதிரி கொனர் மக்கிரெகர். வேறொரு சண்டை விளையாட்டிலே புகழ்பெற்றவர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவே அவருடைய முதற் சண்டை. பட்டியலில் அதுவும் ஒன்று.

என்னைக் கேட்டால், அதிபாரச் சம்பியன்களின் வரிசையில் லூயிஸுக்கும் அலிக்கும் கீழேதான் மார்சியானோவை வைப்பேன். லூயிஸ் 1936இல் மக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்று, 1938இல் அதே மனிதரை முதலாம் சுற்றிலே முடித்தவர். அலி தோற்றுத் தோற்று மீண்டவர். தோல்வியிலிருந்து எழுந்து வருவது எப்படி என்பதைக் காட்ட மார்சியானோவுக்கு வாய்ப்பே வரவில்லை. ஒரு சண்டைக்குள்ளே அதனைக் காட்டினார். பிலடெல்பியாவில், யாங்கி மைதானத்தில்.

பிலடெல்பியாச் சண்டையின் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. பெரும்பாலானோர் பதின்மூன்றாம் சுற்றை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகின்றனர். நேயர்கள் முதலாம் சுற்றிலிருந்து பாருங்கள். முப்பத்தெட்டு வயது வோல்கொட் எப்படி நடக்கிறார் என்பதையும் பாருங்கள்.